சனி பகவானும் சக்கர நாற்காலியும்

சென்னை விமான நிலையத்துக்கு மிகவும் சமீபத்தில் உள்ள ஊர் எது என்று கேட்டால் மீனம்பாக்கம் என்பீர்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் திரிசூலம் என்பார்கள். பொழிச்சலூர் என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. வீட்டுக்கு முன்வாசல், கொல்லைவாசல் என்று உண்டல்லவா? ஜி.எஸ்.டி. சாலை விமான நிலையத்தின் முன்வாசல் என்றால் பொழிச்சலூர் அதன் கொல்லைவாசல். முன்வாசலில் கார்களும் மெட்ரோ ரயிலும் வந்து நிற்கின்றன. கொல்லைவாசலில் மொட்டை மாடிகளில் புடவைகள் காய்கின்றன. அந்தப் புடவைகளின் கரை என்ன நிறம் என்று விமானத்து ஜன்னலிலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம் போல அவ்வளவு தாழ்வாக விமானங்கள் வருகின்றன, போகின்றன.

இத்தனை பக்கத்தில் இருந்தாலும், பொழிச்சலூர்க்காரர் விமானம் ஏற வேண்டுமானால் பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்து, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் முன்வாசலுக்குப் போக வேண்டும். நீங்கள் பொழிச்சலூருக்குப் போவதென்றாலும் அதே வழிதான். மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கினால் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைக்கும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரமும் பம்மலும் அதில் சேர்ந்துகொண்டன. பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. ஆனால் கிராமம் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். அடுக்குமாடி வீடுகளும் மருந்துக் கடைகளும் டியூஷன் பலகைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு விசேஷப் பழக்கத்தைக் கவனித்தேன. பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். தலைக்கு மேல் விமானம் இரைந்து போகிறது. போனதும், விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள். கோபமாகப் பேசினாலும் சரி, சந்தோஷமாகப் பேசினாலும் சரி, இந்த மௌனத்துக்கு விலக்குக் கிடையாது. மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

பொழிச்சலூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது அகஸ்தீஸ்வரர் கோயிலுக்காக. அகஸ்தியர் பூஜித்த சிவன் என்பது ஐதீகம். தொண்டை மண்டலத்து நவக்கிரகத் தலங்கள் என்று போரூர், கோவூர், மாங்காடு, குன்றத்தூர், சோமங்கலம் என வரிசையாக ஒன்பது கோயில்களைச் சொல்கிறார்கள் அல்லவா? அதில் சனி பகவானுக்கு உரியது பொழிச்சலூர். வட திருநள்ளாறு என்றே பெயர். சனீஸ்வரனே இங்கே வந்து சிவனை வழிபட்டுத் தன் பாவத்தைத் தீர்த்துக்கொண்டாராம். அவருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. சனிக்கிழமை போனால் எள் தீபத்தின் வாசனை தெருவிலேயே வரவேற்கும், கூட்டமும் நெரியும். நிதானமாகத் தரிசனம் செய்ய விரும்புகிறவர்கள் வேறு கிழமையாகப் பார்த்துப் போவது நல்லது.

சனி பகவானைப் பற்றி நமக்குப் பயம் அதிகம், விவரம் கம்மி. சனைச்சரன் என்ற வடமொழிப் பெயருக்கு "மெல்ல நடப்பவன்" என்றுதான் பொருள். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? தமிழிலும் அவருக்கு மந்தன், முடவன் என்ற பெயர்கள் உண்டு. கால் ஊனமானதற்கு இராவணனைச் சம்பந்தப்படுத்தி ஒரு கதை சொல்வார்கள். ஆக, மணிக்கு நூற்றுக்கணக்கான மைல் வேகத்தில் பறக்கிற யந்திரங்களுக்கு நேர் கீழே, நவக்கிரகங்களுக்குள் மிக மெதுவாக நடக்கிற, கால் சரியில்லாத ஒருவர் கொலுவீற்றிருக்கிறார். நான் பொழிச்சலூருக்குப் போனதற்குக் காரணமே இந்தப் பொருத்தம்தான். விமானத்தில் யாரை முதலில் ஏற்றுவது என்ற வழக்கு இப்போது உலகம் முழுவதும் நடக்கிறது. அந்த வழக்கில் வாதி, பிரதிவாதி, சாட்சி மூவரும் பொழிச்சலூரிலேயே அகப்பட்டார்கள்.

வழக்கு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். விமானம் ஏறியிருக்கிறவர்களுக்குத் தெரியும். வாசலில் எல்லோரும் காத்திருக்கும்போது, "சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், முதியவர்கள், கைக்குழந்தையுடன் வந்திருப்பவர்கள் முதலில் வரலாம்" என்று அறிவிப்பு வரும். அடுத்தாற்போல் உயர்ந்த வகுப்புக்காரர்கள், கம்பெனி அட்டை வைத்திருப்பவர்கள், முன்னால் ஏறுவதற்கென்றே தனியாகப் பணம் கட்டியவர்கள். கடைசியில் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள், 1, 2, 3 என்று பகுதி பகுதியாக. ஏட்டில் மிகவும் நியாயமான ஏற்பாடு. நடப்பது என்ன? முதல் அறிவிப்பு முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். மூன்றாம் பகுதிக்காரர் முதல் பகுதியில் நுழைந்தாலும் கேட்பாரில்லை. கைக்குழந்தை என்று ஒன்பது வயதுப் பையனைக் காட்டுகிறவர்களும் உண்டு.

எல்லோருக்கும்தான் ஆசன நம்பர் இருக்கிறதே, முன்னால் ஏறினால் என்ன, பின்னால் ஏறினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ரகசியம் தலைக்கு மேலுள்ள பெட்டி அறையில் இருக்கிறது. 180 பேர் ஏறுகிற விமானத்தில் ஆளுக்கொரு 7 கிலோப் பெட்டி. இரண்டு முழக் கட்டைப்பை வேறு. அதற்குள் ஊறுகாய் வேறு. பிந்தி ஏறினவருடைய பெட்டிக்குப் பத்து வரிசைக்கு அப்பால்தான் இடம் கிடைக்கும். இறங்கும்போது எதிர்நீச்சல் போட வேண்டும்.

இன்னொரு காரணம் நம் ரத்தத்தில் ஊறியது. பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை நாம். 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் விமானங்களைப் பறக்க விட்டாரே - சூர்யா நடித்த "சூரரைப் போற்று" படத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் - அந்த விமானங்களில் ஆசன நம்பரே கிடையாது. முந்தினவருக்கு ஜன்னல், பிந்தினவருக்கு நடு ஆசனம். சாமானியரும் விமானம் ஏறலாம் என்று காட்டிய புண்ணியவான் அவர். ஆனால் விமானத்துக்கு ஓடுவது எப்படி என்பதையும் நமக்குச் சேர்த்தே பழக்கிவிட்டார்!

இனி சாட்சிக்கு வருவோம். பொழிச்சலூரிலும் பம்மலிலும் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் நிறைய. நான் சந்தித்த இளைஞர் அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிறார். கோயில் வாசலுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்று பேசினோம்.

"வர்ற விமானத்துல பதினஞ்சு சேர்னு முன்னாடியே லிஸ்ட் வந்துடும், அக்கா. பதினஞ்சு சேரையும் ஆளையும் கொண்டுபோய் வரிசையா நிறுத்தி வைப்போம். கதவைத் திறந்தா, அதுல ஏழெட்டுப் பேர் கையில பெட்டியோட எங்களையே தாண்டிக்கிட்டு ஓடிடுவாங்க. சேர் சும்மா நிக்கும். அதே நேரத்துல இன்னொரு கேட்ல நிஜமா கால் வராத பெரியவர் சேர் இல்லாம உக்காந்திருப்பார்."

"அவர்களை நிறுத்திக் கேட்கக் கூடாதா?" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? 'உங்களுக்கு எப்போ கால் சரியாச்சு'ன்னா?" - விமானம் ஒன்று மேலே போயிற்று. அவர் டீயைக் குடித்து முடித்தார். - "கேட்டா புகார் எழுதிடுவாங்க, அக்கா."

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் பிரான்டியர் என்ற விமானக் கம்பெனியின் தலைவர் பாரி பிபிள் 2024-ல் பகிரங்கமாகவே புலம்பினார். தான் கண்ட ஒரு விமானத்தில் 20 பேர் சக்கர நாற்காலியில் வந்து ஏறினார்களாம். இறங்கும்போது நாற்காலி தேவைப்பட்டது 3 பேருக்குத்தானாம். அந்த நாட்டில் இதற்கு "அற்புத விமானங்கள்" என்று கேலிப் பெயரே ஏற்பட்டிருக்கிறது. முடவர் நடக்கிறார்! மேகத்துக்கு மேலே போனதும் முழங்கால் குணமாகிவிடுகிறது!

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 பிப்ரவரி 12-ம் தேதி பம்பாய் விமான நிலையத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய வயோதிகத் தம்பதி. இரண்டு நாற்காலிக்குச் சொல்லியிருந்தார்கள், கிடைத்தது ஒன்று. இன்னொன்று வரும்வரை காத்திருக்கும்படி சொன்னதாகக் கம்பெனி பிற்பாடு விளக்கம் கொடுத்தது. மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, 80 வயதுக் கணவர் பக்கத்திலேயே நடந்தார். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து குடிநுழைவுச் சோதனைப் பகுதிக்கு வந்தவர் அங்கேயே சாய்ந்துவிட்டார், பிழைக்கவில்லை. ஏர் இந்தியாவுக்கு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அன்று நாற்காலி பற்றாமற்போனதற்குப் போலிகள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஒரு நாற்காலி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

வாதியைப் பார்க்க இரண்டாவது தெருவுக்குப் போனேன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. டில்லியில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போய்வருகிறார். முன்னால் ஏறுகிற சலுகை உங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"முதல்ல ஏறணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை கிடையாதும்மா. அந்தச் சந்துல நான் ஒரு அடி எடுத்து வைக்கறதுக்குள்ள பின்னாடி நிக்கறவங்க உச்சுக் கொட்டுவாங்க. அதைக் காதுல வாங்காம போய் உக்காரணும். அதுக்குத்தான்."

இதைவிட நன்றாக அந்தச் சலுகையின் தாத்பரியத்தை யாரும் சொல்லிவிட முடியாது. முன்னால் ஏறுவது மரியாதைக்காகவோ பரிசாகவோ கொடுக்கப்படவில்லை. மெதுவாக நடப்பதற்கு உரிய அவகாசம் அது.

அந்த அவகாசத்தைக் கொடுப்பதால் மற்றவர்களுக்கு நஷ்டமா? லாபம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நார்வே, லாத்வியா, இஸ்ரேல் நாடுகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2019-ல் இதைக் கணக்குப் போட்டு, ஒரு பௌதிக சாஸ்திரப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மெதுவாக ஏறி அமர்கிறவர்களை முதலில் விட்டு, வேகமானவர்களைப் பிறகு விட்டால், மொத்தத்தில் விமானம் சீக்கிரமாக நிரம்புகிறது என்று அவர்கள் கண்டார்கள். கணக்கு பெரிய கணக்கு. ஆனால் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. சாம்பார் வைக்கும்போது என்ன செய்கிறோம்? பருப்பைத்தானே முதலில் அடுப்பில் ஏற்றுகிறோம்? அது வேகிற நேரத்தில் காயை நறுக்கி, புளியைக் கரைத்து, தாளிப்பும் தயார். காய், புளி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பருப்பைப் போட்டால் வீட்டில் எல்லோரும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஆராய்ச்சியாளர்கள் நம் வீட்டுச் சமையலறைக்கு ஒரு நடை வந்திருந்தால் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்!

ஆனால் ஒன்று. வேகாத பருப்பு என்று நினைத்து ஏற்றியதெல்லாம் நிஜமாகவே பருப்பாக இருக்க வேண்டும். நடக்கக்கூடிய பத்துப் பேர் நாற்காலியில் வந்தால், தள்ளுவதற்குப் பத்து ஆள், பத்து நாற்காலி. வாசலில் அவர்களே ஒரு கூட்டம்; தபால்காரருக்குக் கிடைக்க வேண்டிய அவகாசம் அங்கேயே கரைந்துபோகிறது.

பிரதிவாதியை நான் கொஞ்சம் கடுமையான மனத்துடன்தான் சந்திக்கப் போனேன். 68 வயது அம்மாள். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து, ஒற்றை ஆளாகப் பெண்ணை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தவர். பெண் டெக்ஸாஸில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் தனியாகப் போய்வந்திருக்கிறார். இரண்டு தடவையும் சக்கர நாற்காலி. நான் போன சமயம், மாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு திடுதிடுவென்று படியிறங்கி வந்தார்.

"எனக்குக் கால் நல்லாத்தாம்மா இருக்குது. வாய்தான் இல்ல" என்றார்.

புரியாமல் பார்த்தேன்.

"நடுவுல துபாயில இறக்கி விட்டுட்டாங்க. அது ஊரா, விமான நிலையமான்னே தெரியல, அவ்ளோ பெருசு. போர்டுல எல்லாம் இங்கிலீஷு. யாரைக் கேக்கறது, எப்படிக் கேக்கறது? அந்த நாற்காலியில உக்காந்துட்டா ஒரு ஆளு தள்ளிக்கிட்டுப் போயி சரியான விமானத்துல ஏத்தி உட்டுடறான். பாஸ்போர்ட்டு காட்டற இடத்துலயும் அவனே பேசிடறான். என் பொண்ணுதான் சொன்னா, 'அம்மா, சேர் போட்டுடறேன், அதுதான் பத்திரம்'னு. எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது. என்னைவிட வயசானவங்க நடந்து போறாங்க, நான் ராணி மாதிரி உக்காந்து போறேன்."

முன்னால் ஏறுவது வேண்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? கடைசியா ஏறச் சொன்னாலும் ஏறுவேன். வழி காட்ட ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்."

என் கடுமையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கிற குடும்பங்களில் இந்தக் கதை எத்தனை! பேத்தி பிறக்கிறாள் என்று கம்பளிச் சட்டையும் பிரசவ லேகியமுமாகக் கிளம்புகிற தாய்மார்களில் எத்தனை பேர் கால் வலிக்காக அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள்? பயத்துக்காக உட்காருகிறார்கள். பயம் என்பது பொய் அல்ல.

குறை எங்கே இருக்கிறது என்றால் விலைப் பட்டியலில் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி இலவசம்; அது சட்டம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வழி காட்டித் துணை வருவதற்கும் விமானக் கம்பெனிகளில் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் அது இருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பல இடங்களில் அதற்குக் கட்டணமும் கேட்கிறார்கள். நாற்காலி சும்மா, ஆளுக்குக் காசு என்றால் எந்த வீட்டுப் பெண் அம்மாவுக்கு எதைப் போடுவாள்? தேவைப்படுவது ஆள், கொடுப்பது நாற்காலி, நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வருவது முன்னால் ஏறும் சலுகை. இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதுதான் வம்பு. அந்த அம்மாளுக்குத் துணை ஆளை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் ஒரு நாற்காலி மிச்சம். தள்ளுகிறவரின் தோளும் மிச்சம்.

சரி, பயமும் இல்லாமல் வலியும் இல்லாமல், பெட்டி வைக்க இடம் பிடிக்கவே நாற்காலி கேட்கிறவர்களை என்ன செய்வது? வாசலில் நிற்கும் சிப்பந்தி தடுத்து நிறுத்தலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒருவரை மேலும் கீழும் பார்த்து, இவர் ஊனமுற்றவர், இவர் இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சிப்பந்திக்குக் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, மூளை முடக்குவாதத்துடன் வாழ்ந்துகொண்டு, மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுகிறவர். 2012-ல் கல்கத்தாவிலிருந்து கோவாவில் ஒரு மகாநாட்டுக்குப் போக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை எழுப்பி இறக்கி விட்டார்கள்! அவர் விடவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. 2022-ல் ராஞ்சியில் மாற்றுத் திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம்; அதன் பிறகு விதிகளே திருத்தப்பட்டன.

பார்வைக்குத் தெரியாத உபாதைகளும் இருக்கின்றனவே! இருதய நோய், மூட்டு வாதம், மூன்று மாதக் கர்ப்பம் - இவையெல்லாம் நெற்றியில் எழுதியிருக்குமா? லண்டனுக்கு அருகே காட்விக் விமான நிலையத்தில் 2016-ல் ஒரு யுக்தி செய்தார்கள். வெளியே தெரியாத குறை உள்ளவர்கள் விரும்பினால் கழுத்தில் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைப் பட்டை அணிந்துகொள்ளலாம். பட்டையைக் கண்டால் சிப்பந்திகள் கேள்வி கேட்காமல் கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்வார்கள். அது இப்போது பல தேசங்களுக்குப் பரவியிருக்கிறது.

வகுப்புகளை மீறி நுழைகிறவர்களுக்கு மட்டும் யந்திரக் காவல் போதும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024 நவம்பரில் 100-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் இதைக் கொண்டுவந்தது. ஐந்தாம் பகுதிக்காரர் இரண்டாம் பகுதியில் சீட்டை நீட்டினால் யந்திரம் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஊரில் அந்த வேலையைப் பஸ் கண்டக்டர் யந்திரமில்லாமலே செய்கிறார். "லேடீஸ் சீட்டு சார், எழுந்திருங்க" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். காசு கொடுத்து முன்வரிசை வாங்கியவர்கள் விஷயத்தில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. கோயிலில் சிறப்புத் தரிசனச் சீட்டு விற்பது போல அதுவும் ஒரு வியாபாரம். 2017 சுதந்திர தினத்தை ஒட்டி ஏர் இந்தியா, ராணுவத்தில் பணியாற்றுகிறவர்களை முதல் வகுப்புக்காரர்களுக்கும் முன்பாக ஏற அழைப்பதென்று அறிவித்தது. காசுக்கு மேலேயும் ஒரு வரிசை உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்களே, அந்த மட்டில் சந்தோஷம்.

நாற்காலி விஷயத்துக்கு யந்திரமும் உதவாது, உற்றுப் பார்ப்பதும் உதவாது. பின் என்னதான் வழி? நான் கேட்டது சக்கர நாற்காலித் தம்பியை. அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இறங்கும்போதும் சேர்ல வரச் சொல்லுங்க, அக்கா."

யோசித்துப் பார்த்தேன், அதில் எவ்வளவோ இருக்கிறது. நாற்காலியில் ஏறுகிறவர்கள் முதலில் ஏறிக் கடைசியில் இறங்குவது விமானங்களில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். தபால்காரர் அப்படித்தான் இறங்குகிறார். எல்லோரும் போகிறவரை உட்கார்ந்திருந்து, ஆள் வந்ததும் எழுகிறார். அந்த இருபது நிமிஷம் அவருக்குப் பழகியது. போலியாகத் துணை கேட்டவருக்கோ அந்த இருபது நிமிஷம்தான் தாங்காது. ஏறும்போது எழுதிக்கொண்ட பட்டியலை இறங்கும்போதும் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு நாற்காலி வருகிறது, தயவுசெய்து அமருங்கள்" என்று விமானப் பணிப்பெண் புன்னகையோடு சொன்னால் போதும். யாரையும் நோயாளியா என்று கேட்க வேண்டாம். யாரிடமும் டாக்டர் சீட்டு வாங்க வேண்டாம். நிஜமாக வேண்டியிருக்கிறவருக்கு இதனால் புதிதாக ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களை மட்டும் முன்னதாக அனுப்ப வேண்டும்.

மாயூரத்தில் முடவன் முழுக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐப்பசி மாதம் முழுவதும் காவிரியில் துலா ஸ்நானம் விசேஷம். கடைசி நாள் கடைமுகம். கால் இல்லாத பக்தர் ஒருவர் நகர்ந்து நகர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவருக்காக ஈசன் மனமிரங்கி, கார்த்திகை முதல் தேதி முழுகினாலும் அதே பலன் உண்டு என்று ஒரு நாளை நீட்டிக் கொடுத்தாராம். இன்றைக்குக் கால் நன்றாக இருக்கிறவர்களும், ஐப்பசியெல்லாம் வீட்டில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு, அன்றைக்குப் போய் முழுகிவிட்டு வருகிறார்கள். காவிரி அகலமானது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. விமானத்துக்குள் இருக்கிற சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடியும்.

பிரயாணம் கிளம்பப் போகிற வீடுகளுக்கு ஒரு சிறு குறிப்பு. உதவி வேண்டுமானால் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்னதாகவே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் மூன்று படித்தரம் உண்டு: தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், ஆசனம் வரையில் தூக்கிக்கொண்டு போகப்பட வேண்டியவர். டிக்கெட் போடுகிற பிள்ளையிடம் எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். மூன்றும் இல்லை, வழிதான் தெரியாது என்றால், வழித்துணை என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் தடவை "அப்படி ஒன்றும் இல்லை" என்று பதில் வரக்கூடும். இரண்டாம் தடவையும் கேட்கச் சொல்லுங்கள்.

நான் விடைபெறும்போது அந்த அம்மாளிடமும் இதைத்தான் சொன்னேன். மறுபடியும் போகப்போகிறார், பேத்தியின் காதுகுத்து. கேட்டுக்கொண்டே துணிகளை மடித்து அடுக்கினார்.

"சரிம்மா. சேரை எடுத்துட்டு ஆளு மட்டும் போடச் சொல்றேன் பொண்ணுகிட்ட" என்றார். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்தது. அது ஆற்றைத் தாண்டிப் போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஆளு வருவாங்கதானே?"